சுவரை மூடுவதற்கு முன் வந்து பாருங்கள்: கட்டட அனுமதி அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

கட்டட அனுமதி வழங்கும் அலுவலர்களுக்கும், கட்டுமான இடத்துக்கு நேரில் வரும் ஆய்வாளர்களுக்கும்,

வணக்கம்.

கட்டடங்களுக்கான ஆற்றல் விதிகளின்படி கணக்குப் போட்டுக் கொடுப்பது என் தொழில். சுவர் வழியே எவ்வளவு வெப்பம் போய்வரும், கண்ணாடி எவ்வளவு வெயிலை உள்ளே விடும், விளக்குக்கும் ஏசிக்கும் எவ்வளவு மின்சாரம் ஆகும் என்றெல்லாம் கணக்கிட்டு, எல்லாம் வரம்புக்குள் இருக்கிறது என்று காட்டும் அறிக்கை என் போன்றவர்களிடமிருந்துதான் உங்கள் மேசைக்கு வருகிறது. வீட்டுக்கும் சரி, கடைக்கும் அலுவலகத்துக்கும் சரி, நடைமுறை இதுதான். அந்த அறிக்கையை நீங்கள் கவனமாகத்தான் படிக்கிறீர்கள். ஒரு எண் பிசகினாலும் திருப்பி அனுப்புகிறீர்கள். எனக்கு அதில் குறையே இல்லை. ஆனால் அறிக்கையில் இருக்கும் சுவரும் சைட்டில் எழும்பும் சுவரும் ஒன்றுதானா என்று பார்க்கும் வேலை, பெரும்பாலான இடங்களில் யாருடைய பொறுப்பிலும் இல்லை. அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

தளத்துக்குக் கான்கிரீட் போடுவதற்கு முன் கம்பி கட்டியதை ஒரு பொறியாளர் வந்து பார்க்காமல் யாரும் வேலையைத் தொடங்குவதில்லை. கம்பியின் விட்டம், இடைவெளி, அடியில் கவர் பிளாக் இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் கலவை மேலே ஏறும். கொட்டிய பிறகு கம்பியைப் பார்க்க முடியாது என்பது எல்லோருக்கும் தெரியும். வெப்பத்தைத் தடுக்கச் சுவரிலும் கூரையிலும் வைக்கும் இன்சுலேஷனும் அப்படித்தான் மறைந்துபோகிறது. ஜிப்சம் போர்டு அடித்துவிட்டால், பூச்சு பூசிவிட்டால், கூரையில் ஓடு பதித்துவிட்டால், உள்ளே என்ன இருக்கிறது என்று அடுத்த ஐம்பது ஆண்டுக்கு யாருக்கும் தெரியாது. அப்படியிருந்தும் கம்பிக்குக் கிடைக்கும் அந்த ஒரு பார்வை இன்சுலேஷனுக்குக் கிடைப்பதில்லை. நிறைவுச் சான்றுக்கு நீங்கள் வரும்போது பெயிண்ட் காய்ந்திருக்கும். பார்ப்பதற்கு எதுவும் மிச்சமிருக்காது.

சைட்டில் நடப்பதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். சுவரைத் தாங்கும் செங்குத்துச் சட்டங்களுக்கு நடுவே கண்ணாடி இழை இன்சுலேஷன் வைக்கும் சுவர் ஒன்று. எலக்ட்ரீஷியன் ஏற்கெனவே வயர் இழுத்து, ஜங்ஷன் பாக்ஸ் அடித்துவிட்டுப் போயிருக்கிறார். இன்சுலேஷன் வைப்பவர் பட்டையைப் பிளந்து பாதியை வயருக்குப் பின்னாலும் பாதியை முன்னாலும் விட வேண்டும். பாக்ஸ் வரும் இடத்தில் கத்தியால் அளவாக வெட்டிச் சுற்றிலும் பொருத்த வேண்டும். நேரமில்லாதபோது என்ன நடக்கும்? பட்டையை அப்படியே உள்ளே திணித்துவிடுவார். வயருக்குப் பின்னால் நீளமான ஒரு வெற்றிடம், பாக்ஸைச் சுற்றி நசுங்கிய பஞ்சு, மேல் மூலையில் இரண்டு விரல் அகல இடைவெளி. வெளியிலிருந்து பார்த்தால் சுவர் முழுக்க நிரம்பியதுபோலத்தான் தெரியும்.

இந்தச் சின்ன இடைவெளிக்கு இவ்வளவு பேச்சா என்று நினைக்கலாம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். இன்சுலேஷன் சரியாக இருக்கும் பகுதியின் யூ மதிப்பு 0.4, அதாவது ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு ஒரு சதுர மீட்டரில் 0.4 வாட் வெப்பம் கடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வெறுமையாக விட்ட பகுதியின் மதிப்பு 2. சுவரில் 5 சதவீதம் மட்டும் வெறுமை என்றால் மொத்தச் சுவரின் சராசரி 0.48 ஆகிவிடும். இருபதில் ஒரு பங்கு விட்டுப்போனதற்கு வெப்பம் ஐந்தில் ஒரு பங்கு கூடுகிறது. அறிக்கையிலோ 0.4 என்றுதான் இருக்கும். அதை வைத்துத்தான் நான் வரம்புக்குள் வருகிறது என்று எழுதினேன். நீங்களும் அனுமதி கொடுத்தீர்கள். ஏசியின் அளவைத் தேர்ந்தெடுத்தவரும் அதையே நம்பினார்.

எஃகுச் சட்டம் வைத்த சுவர்களில் நிலைமை இன்னும் மோசம். எஃகு, பஞ்சைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கடத்தும். அதனால் ஒவ்வொரு சட்டமும் வெப்பத்துக்கு ஒரு குறுக்கு வழி. சட்டங்களை 40 செ.மீ. இடைவெளியில் நிறுத்தி நடுவில் ஆர்-13 இன்சுலேஷன் (எண் கூடினால் வெப்பத் தடை கூடும்) வைத்தால், நடைமுறையில் ஆர்-6 அளவுக்குத்தான் வேலை செய்யும். இது ஆஷ்ரே எனும் அமெரிக்கப் பொறியாளர் சங்கம் கட்டட ஆற்றலுக்கு வகுத்த 90.1 தரநிலையின் அட்டவணையிலேயே இருக்கிறது. ஆகவேதான் சட்டத்துக்கு வெளியே தொடர்ச்சியாக ஓர் இன்சுலேஷன் அடுக்கு வேண்டும் என்று விதி சொல்கிறது. செலவைக் குறைக்க வேண்டும் என்றதும் முதலில் கைவைப்பது அந்த அடுக்கில்தான். பால்கனித் தளம் வெளியே நீளும் இடத்திலும் கைப்பிடிச் சுவர் கூரையோடு சேரும் இடத்திலும் அது அறுந்துபோகிறது. வரைபடத்தைப் பார்க்கும்போதே இதைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி உண்டு. வெட்டுத்தோற்றப் படத்தை எடுத்து, அடித்தளத்திலிருந்து சுவர் வழியாகக் கூரை வரைக்கும் இன்சுலேஷனைப் பேனாவால் தொடருங்கள். பேனாவை எங்கே தூக்க வேண்டியிருக்கிறதோ அங்கேயெல்லாம் வெப்பம் கசியும். இரண்டு நிமிட வேலை. வெட்டுத்தோற்றமே இல்லாத விண்ணப்பமாக இருந்தால் அதைக் கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது கண்ணாடி. வணிகக் கட்டடங்களில் பெரும் வெப்பம் நுழைவது இதன் வழியாகத்தான். வந்து இறங்கும்போது ஒவ்வொரு பலகத்திலும் யூ மதிப்பும் வெயில் வெப்பக் குணகமும் (வெயிலின் வெப்பத்தில் எவ்வளவு பங்கு உள்ளே வரும் என்ற எண்) அச்சிட்ட சீட்டு ஒட்டியிருக்கும். துடைத்து ஒப்படைக்கும்போது அதைக் கிழித்துவிடுவார்கள். அப்புறம் எந்தக் கண்ணாடி எது என்று சொல்ல யாராலும் ஆகாது. மெல்லிய உலோகப் பூச்சுள்ள இரட்டைக் கண்ணாடியில் இன்னொரு சிக்கலும் உண்டு. இரண்டு தகடு, நான்கு பரப்பு. வெயில் வெப்பத்தைத் தடுக்க வேண்டிய இடத்தில் பூச்சு வெளியிலிருந்து எண்ணினால் இரண்டாவது பரப்பில் இருக்க வேண்டும். பலகத்தை உள்வெளி மாற்றிப் பொருத்திவிட்டால் யூ மதிப்பு மாறாது. ஆனால் உறிஞ்சிய வெப்பம் உள் தகட்டிலிருந்து அறைக்குள் வரும். இதைக் கண்டுபிடிக்கக் கருவியெல்லாம் வேண்டாம். கண்ணாடிக்கு முன்னால் ஒரு லைட்டர் சுடரைப் பிடித்தால் நான்கு பிம்பம் தெரியும். நிறம் வேறுபட்ட பிம்பம் எத்தனையாவதோ, பூச்சு இருப்பது அந்தப் பரப்பில். சீட்டைக் கிழிக்கும் முன் ஒரு படம், ஒவ்வொரு முகப்பிலும் ஒரு லைட்டர் சோதனை, இவை போதும்.

காற்றுக்கசிவுக்கு வருவோம். அமெரிக்காவில் பின்பற்றப்படும் சர்வதேச ஆற்றல் பாதுகாப்பு விதியின் 2012 பதிப்பு புதிய வீடுகளுக்குக் கசிவுச் சோதனையைக் கட்டாயமாக்கியது. வாசலில் விசிறி பொருத்தி, வீட்டுக்கும் வெளிக்கும் 50 பாஸ்கல் அழுத்த வித்தியாசம் உண்டாக்குவார்கள். அந்த நிலையில் ஒரு மணி நேரத்தில் வீட்டின் மொத்தக் காற்றும் எத்தனை முறை மாறுகிறது என்று அளப்பார்கள். அந்தப் பதிப்பின்படி வெப்பமான மண்டலங்களில் 5 முறைக்கு மேல் போகக் கூடாது, மற்றவற்றில் 3 முறைக்கு மேல். ஜெர்மனியில் பிறந்த பாசிவ் ஹவுஸ் தரநிலை 0.6 என்று கேட்கிறது, அதையும் கட்டிக்காட்டுகிறார்கள். நல்ல சோதனை இது. ஊகத்துக்கு இடமில்லை, எண் வந்துவிடும். ஆனால் இதையும் எல்லாம் முடிந்த பிறகு செய்தால், கசிவு தெரிந்தாலும் அடைக்க வழியிருக்காது. சுவர் மூடும் முன் ஒரு தடவை விசிறியை ஓட்டி, புகைக்குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னல் சட்டத்தின் ஓரம், குழாய் நுழையும் துளை, சுவரும் கூரையும் சேரும் கோடு என்று நடந்தால், புகை எங்கே வளைகிறதோ அங்கே உடனே அடைத்துவிடலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். காற்றுப்புகாமல் கட்டிய வீட்டுக்குத் தனியாகக் காற்றோட்ட ஏற்பாடு வேண்டும். ஈரம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று பார்த்துத்தான் நீராவித் தடுப்பை வைக்க வேண்டும். குளிர்ந்த நாட்டில் ஈரம் உள்ளேயிருந்து வெளியே போகும், தடுப்பு உட்பக்கம் வேண்டும். வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த இடத்தில், ஏசி ஓடும் அறைக்குள் அதே தடுப்பை வைத்தால் வெளியிலிருந்து வரும் நீராவி அதன் பின்னால் குளிர்ந்து நீராகும், சுவருக்குள் பூஞ்சை பிடிக்கும். ஆஷ்ரே 90.1 உலகத்தை 0 முதல் 8 வரை காலநிலை மண்டலங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு வரம்பு வைத்திருப்பது வெறும் சம்பிரதாயம் இல்லை. வேறு மண்டலத்தின் விவரப்படத்தை அப்படியே நகலெடுத்து ஒட்டிய விண்ணப்பங்களைப் பார்த்திருக்கிறேன். அவை எண் கணக்கில் தேறிவிடுகின்றன, அதுதான் பயமாக இருக்கிறது.

ஏசியின் காற்றைக் கொண்டுபோகும் டக்ட் பற்றிச் சுருக்கமாக. இணைப்புகளில் துணி முதுகுள்ள டக்ட் டேப்பைச் சுற்றி விட்டுவிடுகிறார்கள். லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகம் 1998-ல் பலவகை ஒட்டுப் பொருள்களைச் சூடாக்கியும் குளிரவைத்தும் சோதித்தபோது, படுமோசமாகத் தோற்றது இந்த டேப்தான். இணைப்புகளில் மாஸ்டிக் எனும் அடைப்புப் பசை பூசியிருக்கிறதா என்று ஃபால்ஸ் சீலிங் போடும் முன் நிமிர்ந்து பார்த்தாலே தெரிந்துவிடும்.

பெரிய கட்டடங்களில் இதற்கு மேல் ஒரு அடுக்கு உண்டு, கட்டுப்பாட்டுக் கருவிகள். விளக்குகளுக்கான வரம்பு வேகமாக இறுகியிருக்கிறது. ஓர் அலுவலகத்துக்கு ஆஷ்ரே 90.1-ன் 2004 பதிப்பு சதுர மீட்டருக்கு 10.8 வாட் வரை அனுமதித்தது, 2019 பதிப்பில் அது 6.9. எல்இடி வந்ததால் இதை எட்டுவது கஷ்டமில்லை. கஷ்டம் சென்சாரில்தான். ஆள் போன 20 நிமிடத்துக்குள் விளக்கு அணைய வேண்டும் என்று விதி. சென்சார் பெட்டியிலிருந்து வந்த அமைப்பிலேயே கூரையில் தொங்கிக்கொண்டிருக்கும், யாரும் நேரத்தைச் சரிசெய்திருக்க மாட்டார்கள். அல்லது ஜன்னலோரப் பகல் வெளிச்ச சென்சாரை ஒரு அலமாரி மறைத்துக்கொண்டிருக்கும். வெளிக்காற்றை உள்ளே விடும் டேம்பருக்கு மோட்டார் இருக்கும், ஆனால் மோட்டாரையும் தகட்டையும் இணைக்கும் திருகு இறுக்கப்பட்டிருக்காது. கம்ப்யூட்டர் திரையில் டேம்பர் திறந்திருப்பதாகக் காட்டும், மேலே ஏறிப் பார்த்தால் மூடியிருக்கும். பொருள் வாங்கிய ரசீதை வைத்து இதையெல்லாம் சரிபார்க்க முடியாது. ஒரு அறைக்குள் போய், வெளியே வந்து, கதவருகே காத்திருந்து விளக்கு அணைகிறதா என்று பார்க்க வேண்டும். எல்லா அறையும் வேண்டாம். எந்த அறை என்று முன்கூட்டியே சொல்லாமல் சிலவற்றை நீங்களே தேர்ந்தெடுங்கள், அது போதும்.

பொருள் மாற்றும் வழக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது. அனுமதி வாங்கும்போது ஒரு கண்ணாடி, வாங்கும்போது வேறு கண்ணாடி. 75 மி.மீ. பலகை ஸ்டாக் இல்லை, 50 போட்டுக்கொள்ளலாம். இந்த முடிவுகள் சைட்டில் நின்றபடி, கைபேசியில், ஐந்து நிமிடத்தில் எடுக்கப்படுகின்றன. கணக்குப் போட்டவருக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. ஒவ்வொரு மாற்றமும் தனியாகப் பார்த்தால் நியாயமாகவே தோன்றும். ஆனால் இது மின்கட்டணத்தோடு நிற்கும் சங்கதி இல்லை. 2017 ஜூன் 14 அன்று லண்டனில் கிரென்ஃபெல் டவர் எரிந்து 72 பேர் இறந்தார்கள். அந்தக் கட்டடத்தைப் புதுப்பித்தபோது வெளிச்சுவரில் இன்சுலேஷன் சேர்த்திருந்தார்கள். முதலில் எண்ணியிருந்த துத்தநாக முகப்புப் பலகைக்குப் பதிலாக விலை குறைந்த, நடுவில் பாலிஎத்திலீன் வைத்த அலுமினியக் கூட்டுப் பலகை வந்து சேர்ந்தது. தீ அதன் வழியாகத்தான் மேலேறியது. அதற்கு அடியிலிருந்த இன்சுலேஷனும் எரியக்கூடியதே. ஆற்றல் விதியைத் தீ விதியிலிருந்து பிரித்துப் பார்க்க முடியாது என்பதற்கு எனக்கு வேறு சான்று தேவையில்லை. சுவரில் ஒட்டும் எந்தப் பொருளையும் மாற்றினால், புதிய தரவுத்தாள் உங்கள் கைக்கு வந்து, இரண்டு விதிகளோடும் ஒப்பிட்டுச் சரிபார்க்கப்பட்ட பிறகே அது சுவரில் ஏற வேண்டும். இந்த ஒரு விஷயத்தில் தயவுசெய்து விட்டுக்கொடுக்காதீர்கள்.

விதிகள் புதியவை, பழகக் காலம் வேண்டும் என்று சிலர் சொல்வதைக் கேட்கிறேன். 1973-ன் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு, 1975-லேயே ஆஷ்ரேயின் முதல் தரநிலை வந்துவிட்டது. கலிஃபோர்னியா 1978-ல் தன் விதியை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2002-ல் கட்டட ஆற்றல் ஆணையை வெளியிட்டது, இந்தியா 2007-ல் வணிகக் கட்டடங்களுக்கும் 2018-ல் வீடுகளுக்கும் விதி கொண்டுவந்தது. எழுதும் வேலை நன்றாகவே நடந்திருக்கிறது. சரிபார்க்கும் வேலைதான் பின்தங்கிப்போனது. அமெரிக்காவில் 2009-ன் பொருளாதார மீட்புச் சட்டம், ஆற்றல் நிதி வாங்கும் மாநிலங்கள் எட்டு ஆண்டுக்குள் 90 சதவீத இணக்கத்தை எட்ட வேண்டும் என்று நிபந்தனை போட்டது. விதி இருப்பதும் அது சுவரில் இருப்பதும் வேறு வேறு என்று சட்டமே ஒப்புக்கொண்டது அங்கேதான்.

இதைச் செய்ய முடியும் என்று காட்டியவர்களும் இருக்கிறார்கள். இங்கிலாந்து தன் கட்டட விதிகளின் 2021 திருத்தத்தில் புதிதாகக் கட்டும் ஒவ்வொரு வீட்டுக்கும் படச்சான்று கேட்கத் தொடங்கியது. அடித்தளம், சுவர், கூரை, ஜன்னல் ஓரம் ஆகியவற்றில் இன்சுலேஷன் மூடப்படுவதற்கு முன் எடுத்த படம், தேதியும் இடமும் பதிந்ததாக இருக்க வேண்டும். கசிவுச் சோதனையும் ஒவ்வொரு வீட்டுக்கும் உண்டு. ஸ்வீடன் 2006 விதியில் இன்னும் ஒரு படி மேலே போனது. கட்டடத்தில் ஆள் குடியேறிய பிறகு 24 மாதத்துக்குள், ஓராண்டுப் பயன்பாட்டை உண்மையிலேயே அளந்து, கணக்கோடு ஒத்துப்போகிறதா என்று காட்டச் சொன்னது. என்னைப் போன்ற கணக்கர்களுக்கு இதைவிட நேர்மையான தேர்வு கிடையாது. எங்கள் அறிக்கைகளையும் அப்படிச் சோதியுங்கள் என்று நானே கேட்கிறேன்.

உங்கள் பக்கத்து நெருக்கடியும் எனக்குத் தெரியும். ஆள் குறைவு, விண்ணப்பம் குவிந்து கிடக்கிறது, தாமதம் என்று எல்லோரும் உங்களைத்தான் சொல்கிறார்கள். தூணும் தீத்தடுப்பும் உயிர் சம்பந்தப்பட்டவை, இன்சுலேஷனுக்கு எங்கே நேரம் என்று நீங்கள் கேட்டால் அதில் அர்த்தம் இருக்கிறது. ஆனால் உலகம் பயன்படுத்தும் ஆற்றலில் ஏறத்தாழ 30 சதவீதம் கட்டடங்களை இயக்குவதற்கே போகிறது. வெப்ப அலையின்போது மின்சாரம் நின்றுவிட்டால், ஒரு வயதானவர் இருக்கும் அறை எத்தனை மணி நேரம் தாங்கும் என்பதையும் அந்தச் சுவரும் கூரையும்தான் தீர்மானிக்கின்றன. இதுவும் உயிர் சம்பந்தப்பட்டதுதான். குடியேறுபவர் அந்தச் சுவரைத் திறந்து பார்க்க முடியாது. ஜன்னலை மாற்றலாம், ஏசியை மாற்றலாம், சுவருக்குள் இருப்பதை மாற்ற அவரிடம் பணமும் இருக்காது, வழியும் இருக்காது. அவருக்காகப் பார்க்கும் ஒரே கண் உங்களுடையது.

நேரில் வர முடியாத இடத்துக்குப் படத்தைக் கேளுங்கள். சின்ன ஒப்பந்ததாரர்களை முதல் தடவையே தண்டிக்காதீர்கள், எந்த மூலையைப் படம் எடுக்க வேண்டும் என்று ஒரு பக்கத்தில் எழுதி, அனுமதியோடு சேர்த்துக் கொடுங்கள். இன்சுலேஷன் வைக்கும் தொழிலாளியிடம் யாரும் இதுவரை ஏன் என்று விளக்கியதே இல்லை. வயருக்குப் பின்னால் ஏன் பட்டையைப் பிளக்க வேண்டும் என்று சொன்னால் அவர் செய்வார். செய்துகாட்டியவர்களோடு வேலை பார்த்திருக்கிறேன், அவர்கள் தங்கள் வேலையை யாராவது வந்து பார்க்க மாட்டார்களா என்று ஆசையோடு காத்திருப்பார்கள்.

நான் கேட்பதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை, உங்கள் அதிகாரத்துக்குள்ளேயே இருக்கிறது. அடுத்து நீங்கள் கையெழுத்திடும் அனுமதிக் கடிதத்தில், தளத்துக்குக் கம்பி பார்ப்பதற்கான நிபந்தனை இருக்கும் அதே பக்கத்தில், இன்னும் ஒரு வரி சேருங்கள்: “இன்சுலேஷனையும் காற்றுத்தடுப்பு அடுக்கையும் ஆய்வாளர் நேரில் பார்த்தோ, தேதியிட்ட படங்களை ஏற்றோ எழுத்துமூலம் ஒப்புதல் தரும் வரை சுவரையும் கூரையையும் மூடக் கூடாது.” அந்த ஒப்புதலுக்கு எத்தனை நாளுக்குள் பதில் தருவீர்கள் என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள். அப்போது கட்டுபவருக்கும் வேலை நிற்காது.

அந்த ஆய்வுக்கான படிவத்தையும், எந்தக் காலநிலை மண்டலத்துக்கு எதைப் பார்க்க வேண்டும் என்ற பட்டியலையும் தயாரிக்க என் தொழிலில் இருக்கும் பலர் ஊதியமின்றி உதவக் காத்திருக்கிறோம். கூப்பிடுங்கள், வருகிறோம்.

இப்படிக்கு,
உங்கள் மேசைக்கு அறிக்கை அனுப்பும் ஆற்றல் கணக்கீட்டுப் பொறியாளர் ஒருவர்